மருந்தை எங்கே வைப்பீர்கள்?

எக்செல் தாளில் 40-ஆவது வரிசையைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. கேள்வி: மருந்தை எங்கே வைப்பீர்கள்? ஓர் அக்காவின் பதில்: ‘ஐஸ்பெட்டி மேல. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.’ அதற்கு மேல் வரிசையில் ‘சாமி மேடை பக்கத்துல’. அதற்கும் மேலே ‘அலமாரில, பேரப்பிள்ள கைக்கு எட்டாம’. நாங்கள் கேட்க நினைத்தது புல்லுக்கு அடிக்கும் களைக்கொல்லியைப் பற்றி. அவர்கள் சொன்னது சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் போடும் மாத்திரையைப் பற்றி.

எனக்கு உறைப்பதற்கு இரண்டு நாள் முன்பே எங்கள் குழுவின் மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார். தோட்டத்துப் பெண்கள் விஷத்தைப் பிள்ளைகள் நடமாடும் வீட்டுக்குள் வைத்திருக்கிறார்களே என்று பதறிப்போய், ஒரு மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கமும் எழுதிவிட்டார். நல்ல மனிதர். பதற்றமும் உண்மையானதுதான். ‘காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு’ மட்டும் இல்லாமல் போயிருந்தால் நானும் கவனித்திருக்க மாட்டேன், அது அச்சேறியிருக்கும்.

பல துறைகள் சேர்ந்து ஆய்வு செய்யப் போகிறோம், என்ன கவனிக்க வேண்டும் என்று இளையவர்கள் யாராவது கேட்டால் நான் இப்போதெல்லாம் இந்த ஐஸ்பெட்டியில்தான் ஆரம்பிக்கிறேன்.

நான் வேதியியல் படித்தவள். பிறந்தது மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். ஊருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பஸ்ஸிலும் கோயிலிலும் இன்னும் பழைய பெயர்தான். அப்பா பால் மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தார். பால் மரம் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்த பிறகு டவுனில் மலிவு வீட்டுக்கு வந்தோம். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் எங்கள் வட்டாரத்தில்தான் தொடங்கியது. ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் போட்டது. தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனைக்குத் தாய்வீடு, பெயரோ தென்னை! பெயர் ஒன்று, பொருள் வேறு என்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. அதை நான் மறந்துபோனதுதான் தப்பு.

2022-இல் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு மானியம் கிடைத்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2002-இல் தடை செய்தது, 2006-இல் தடையை எடுத்தது, 2020 ஜனவரி 1 முதல் மறுபடி முழுமையாகத் தடை செய்தது. இந்தத் தடைக்குப் பிறகு மருந்தடிக்கும் பெண்களின் உடம்பிலும் வேலையிலும் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பது எங்கள் திட்டம். பொதுச் சுகாதாரம், வேதியியல், வேளாண் பொறியியல், மானுடவியல், வணிகவியல் என்று ஐந்து துறைகள். வணிகவியல் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விண்ணப்பத்தில் கட்டம் காலியாக இருந்திருக்கும்.

முதல் ஆறு மாதம் நாங்கள் செய்ததை ‘ஸ்டேப்ளர் ஆய்வு’ என்று சொல்லலாம். அவரவர் துறையில் அவரவர் எழுதி, கடைசியில் ஓர் ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுக்கும் ஆய்வு. மருத்துவர் குழு ஒரு செவ்வாய்க்கிழமை போய் ரத்தம் எடுக்கும். மானுடவியல் மாணவி வியாழக்கிழமை போய்ப் பேசுவாள். நான் போய்த் தண்ணீர் மாதிரி எடுப்பேன். பொறியியல்காரர் பம்பின் மூக்கை அளந்துகொண்டு வருவார். நான்கு கோப்புறைகள், நான்கு கேள்வித்தாள்கள், நாலு தடவை அதே அக்கா வீட்டுக் கதவு. “நேத்துத்தானம்மா ஒரு பிள்ள வந்து எல்லாம் எழுதிட்டுப் போச்சி, நீங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டீங்களா?” என்று ஒருவர் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

சரி, மருந்துக்கு வருவோம். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் பிறந்து, மலாய்க்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்தது. மலாயில் களைக்கொல்லிக்கும் பூச்சிக்கொல்லிக்கும் ‘ராச்சுன்’ என்பார்கள், அதாவது நஞ்சு. தமிழில் நான்தான் ‘களைக்கொல்லி’ என்று எழுதிக் கொடுத்தேன். பாடநூல் சொல். களத்துக்குப் போன ஆய்வு உதவியாளரிடம் அக்காமார்கள் “அது என்னா கொல்லி?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர் புத்திசாலித்தனமாக எல்லா இடத்திலும் ‘மருந்து’ என்று மாற்றிவிட்டார். மாற்றியது சரிதான். தோட்டத்தில் அதற்கு மருந்து என்றுதான் பெயர். மருந்தடிப்பு, மருந்துப் பம்பு, மருந்து ஸ்டோர். ஆனால் மருத்துவர் போட்ட பகுதியிலும் ‘தினமும் மருந்து உண்டா?’ என்று இருந்தது. இரண்டும் ஒரே தாளில், அடுத்தடுத்த பக்கங்களில். ஒரே டப்பா மலாயில் நஞ்சு, தமிழில் மருந்து. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வித்தாள் விழுந்து கிடந்ததை ஐந்து துறையில் ஒருவரும் பார்க்கவில்லை. அந்த லயத்திலேயே பிறந்த நானும் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் அதிகம் சுட்டது. படிப்பு என் காதிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் இன்னொரு சொல்லைச் சொருகியிருந்தது.

மருத்துவர் தன் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதைச் செய்ய மனசு வேண்டும். பிறகு எல்லாரையும் ஒரே மேசைக்கு அழைத்தவரும் அவர்தான். தமிழ்த் துறையிலிருந்து ஒரு விரிவுரையாளரைக் கெஞ்சிக் கூட்டிவந்தோம். வந்த முதல் நாளே அவர் கேட்டார்: “இவ்வளவு நாளா என்னைக் கூப்பிடணும்னு தோணலையா?” தோன்றவில்லைதான். அறிவியல் ஆய்வில் தமிழ்க்காரருக்கு என்ன வேலை என்று ஒரு நினைப்பு. 1966 ஏப்ரலில் இதே கோலாலம்பூரில் தனிநாயகம் அடிகள் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கூட்டியபோது, மொழிக்காரர், வரலாற்றுக்காரர், தொல்லியல்காரர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து, நாங்கள் ஒரே கட்டடத்தில் இரண்டு மாடி இறங்கிப் போக யோசித்தோம்.

அவர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். கோடு போட்ட சாதாரணப் பள்ளிக்கூட நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சொல். தோட்டத்தில் அதற்கு என்ன பொருள், மருத்துவருக்கு என்ன, பொறியியல்காரருக்கு என்ன என்று கீழே எழுத வேண்டும். ‘மயக்கம்’ ஒரு பக்கம் முழுக்க ஓடியது. மருத்துவருக்கு மயக்கம் என்றால் நினைவு தப்பி விழுவது. அக்காமார்களுக்கு வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் மயக்கம்தான். விழுந்தால் ‘மயங்கி வுழுந்துட்டேன்’ என்று தனியாகச் சொல்வார்கள். ‘எரிச்சல்’ இன்னொரு பக்கம். தோல் எரிவதா, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மேல் எரிச்சலா? ஓர் அக்கா “ரெண்டுந்தான்” என்றார். அதையும் எழுதிக்கொண்டோம். ‘நகம்’ என்ற பக்கத்தை ஐஸ்பெட்டி அக்காவே சொல்லி எழுத வைத்தார். பழைய மருந்து காலத்தில் நகம் கறுத்து, வெடித்து, கழன்று விழுந்ததாம். பாராகுவாட் நகத்தைக் கெடுக்கும் என்பது வேதியியல்காரிக்குத் தெரியும். ஆனால் எங்கள் மருத்துவக் கேள்வித்தாளில் கண், மூக்கு, மூச்சு, வயிறு, தோல் எல்லாம் இருந்தும் நகத்துக்குக் கட்டம் இல்லை.

கேள்வித்தாளைத் தமிழாக்கியதும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவரச் சொல்வது ஆய்வாளர்களின் பழைய முறை. நாங்களும் செய்தோம், ஆனால் படித்தவரிடம் கொடுத்தோம். அவர் ‘மருந்து’ என்பதைப் பார்த்து இடத்துக்கு ஏற்றபடி சரியாகவே ஊகித்துவிட்டார். அதனால் பிழை மறைந்துவிட்டது. இப்போது நான் செய்வது வேறு. கேள்வியைக் களத்தில் ஒருவரிடம் படித்துக் காட்டி, “நான் என்ன கேட்டேன்னு நீங்களே உங்க பேச்சுல சொல்லுங்கக்கா” என்கிறேன். ஐந்து பேரிடம் இப்படிக் கேட்டாலே பாதி ஓட்டை தெரிந்துவிடும். காசும் ஆகாது. ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் டீயும் போதும்.

இரண்டாவது கதை தண்ணீரைப் பற்றியது. எனக்கு இதுதான் முக்கியம்.

லயத்து மூலையில் ஒரு குழாய் இருக்கிறது. காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் எல்லாரும் குடிதண்ணீர் பிடித்துக்கொண்டு காட்டுக்குப் (செம்பனை நிற்கும் வேலையிடத்துக்குப்) போகும் குழாய். மருந்து கலக்கும் டிரம்மும் அங்கேதான். ரப்பர்க் குழாயை டிரம்முக்குள் விட்டுத் தண்ணீர் நிரப்பி, கலந்து, முதுகுப் பம்புகளில் ஊற்றுகிறார்கள். மருத்துவர் படம் எடுத்து அனுப்பினார்: குடிக்கும் இடத்தில் விஷம் கலக்கிறார்கள், விழிப்புணர்வு இல்லை, சுவரொட்டி போட வேண்டும். மானுடவியல் மாணவிக்கு அது பிடிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் விழிப்புணர்வு இல்லை என்பது மேல்தட்டுப் பேச்சு என்றாள். இரண்டு பேரும் மின்னஞ்சலில் ஒரு வாரம் மோதிக்கொண்டார்கள். கடைசியில், எல்லாரும் ஒரே நாள் ஒன்றாகப் போவது என்று முடிவானது. அதுவரை நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாகக் களத்தில் நின்றதே இல்லை என்பதை அந்த வேனில் ஏறிய பிறகுதான் உணர்ந்தேன்.

காட்டுக்குப் பக்கத்திலேயே வாய்க்கால் இருக்கிறது, நிறையத் தண்ணீர். அங்கே கலக்காமல் ஏன் இவ்வளவு தூரம் குழாய்க்கு வந்து, 16 லிட்டர் பம்பைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள்? நிரப்பினால் பம்பு 20 கிலோவைத் தொடும். மருத்துவர் அன்று ஒரு பம்பை முதுகில் மாட்டிப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் கழற்றிவிட்டார். அவர்தான் கேட்டார். மருத்துவரின் மலாயை நான் தமிழில் சொல்ல, ஐஸ்பெட்டி அக்கா என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

“வாய்க்கா தண்ணி கலங்கலா இருக்குல்ல பாப்பா. அதுல கலந்தா மருந்து சாகாது... இல்ல, மருந்து செத்துப் போவும், புல்லு சாகாது. பத்து நாள் கழிச்சி மண்டோரு வந்து பாத்துட்டுத் திரும்ப அடின்னுவாரு. அந்தக் கூலிய யாரு குடுப்பா?”

எனக்கு நடுமண்டையில் குட்டியது போல் இருந்தது. கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியும் பாராகுவாட்டும் களிமண் துகளில் பட்டால் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது புல்லுக்குள் போகாது. நான் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் பலகையில் எழுதுகிற விஷயம். எங்கள் பக்கத்து வாய்க்கால் தண்ணீரில் களிமண் கலந்தே ஓடும். அவர்கள் சுத்தமான தண்ணீருக்காகக் குழாயடிக்கு வருகிறார்கள், சுத்தமான தண்ணீர் வேறு எங்கும் இல்லை. அறியாமையால் அங்கே கலக்கவில்லை, நன்றாக அறிந்துதான் கலக்கிறார்கள். மாணவி அக்கா சொன்ன கூலிக் கணக்கை எழுதிக்கொண்டாள். பொறியியல்காரர் அதுவரை பேசாமல் டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ரப்பர்க் குழாயின் முனை மருந்துக் கலவைக்குள் மூழ்கிக் கிடப்பதைக் காட்டினார். மெயின் பைப்பில் அழுத்தம் குறைந்தால் டிரம்மில் இருப்பது குழாய் வழியாகத் திரும்ப உறிஞ்சப்பட்டுக் குடிதண்ணீரில் சேரும் என்றார். அது என் கண்ணில் பட்டதே இல்லை, மருத்துவரின் கண்ணிலும்தான். ஆளுக்கொரு துண்டு. அக்காவின் துண்டு இல்லாமல் எங்கள் துண்டுகள் ஒட்டியிருக்காது.

தீர்வு சின்னது. காட்டோரத்தில் தனியாக ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்குக் கிளைக் குழாய், குழாயின் முனை டிரம்முக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு நிற்கும்படி ஒரு கம்பி. சுவரொட்டி அச்சடிக்க ஒதுக்கிய காசில் ஒரு பாலித்தீன் தொட்டி வந்தது. இதற்காகத் தோட்ட நிர்வாகத்திடம் பேச நான்கு மாதம் ஆனது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

நிர்வாகத்தை நம்ப வைக்க நான் ஒரு பிள்ளை விளையாட்டுச் செய்தேன். இரண்டு பாத்தி புல். ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீரில் கலந்த மருந்து, மற்றதற்கு வாய்க்கால் தண்ணீரில் கலந்தது. அளவு ஒன்றுதான். இரண்டு வாரத்தில் ஒரு பாத்தி மஞ்சளானது, மற்றது பச்சையாகவே நின்றது. அக்காமார்கள் வந்து பார்த்துவிட்டு, “இதுக்குத்தான் இவ்ளோ படிச்சியா?” என்று சிரித்தார்கள். ஆனால் மேனேஜர் அந்தப் புல்லைப் படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். என் ஆய்வறிக்கையை அனுப்பவில்லை.

அன்று வேனில் திரும்பும்போது மருத்துவர் ரொம்ப நேரம் பேசவில்லை. ரவாங் தாண்டிய பிறகு நிப்பா வைரஸ் நோயைப் பற்றிச் சொன்னார். 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்கள் பண்ணையில் வேலை செய்த வளர்ந்த ஆட்கள். பண்ணைகளிலோ பன்றிகளே இருமிக்கொண்டும் செத்துக்கொண்டும் இருந்தன. நோய் நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வரை பரவியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புது வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் அது வேறு நோய் என்று உறுதியானது. 100-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். “பன்றி இருமுதுன்னு பண்ணைக்காரன் சொன்னதை எங்க படிவத்துல எழுத இடம் இல்ல” என்றார் மருத்துவர். அப்போது அவர் மாணவர். அடுத்த முறை போனபோது அவருடைய படிவத்தின் கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் சேர்ந்திருந்தது. ‘நாங்கள் கேட்க மறந்தது என்ன?’ என்று மேலே ஒரு வரி. அந்தப் பக்கம்தான் பிறகு அதிகம் நிரம்பியது.

வண்டு விஷயமும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். ‘எத்தனை வருஷமாக மருந்தடிக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு யாராலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. “ரொம்ப வருசமா”, “மகன் பொறக்கறதுக்கு முன்னுக்கு”, “எவன் கணக்கு வச்சான்”. ஒரு பாட்டி, எழுபதை நெருங்குபவர், “வண்டு வந்த வருசத்துல இருந்து” என்றார். உதவியாளருக்குப் புரியவில்லை. வெற்றுப் பக்கத்தில் அப்படியே எழுதிவிட்டார்.

பொறியியல்காரர் படித்ததும் துள்ளிக் குதித்தார். செம்பனைப் பூவுக்குக் காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். ஆப்பிரிக்காவில் நன்றாகக் காய்த்த மரம் இங்கே சரியாகக் காய்க்காததால், ஆளை வைத்துக் கையால் மகரந்தம் தூவினார்கள். சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனில் ஆராய்ந்து, அங்கே அந்த வேலையைச் செய்வது ஒரு சின்னக் கூன்வண்டு என்று காட்டினார். 1981-இல் அதை மலேசியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். காய்ப்பு கூடியது, கைவேலை தேவையில்லாமல் போனது. வேளாண் வகுப்பில் இதை வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். வெற்றிதான், சந்தேகமில்லை.

பாட்டி அதே கதையை வேறு பக்கத்திலிருந்து சொன்னார். முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி ஒரு தூளில் மகரந்தத்தைக் கலந்து பாளைக்குள் ஊதுவது அவர் வேலை. மணமாக இருக்குமாம். “அப்புறம் வண்டக் கொண்டாந்து வுட்டாங்க. பவுடரு ஊதுன கையில மருந்துப் பம்பக் குடுத்தாங்க.” பொறியியல்காரர் அந்த வண்டைப் பற்றிப் பத்து வருஷம் பாடம் எடுத்தவர். ஊதிய கைகள் அப்புறம் எங்கே போயின என்று அன்றுதான் முதல்முறை கேட்டார்.

மருத்துவருக்கும் அதில் ஒரு லாபம். வருஷக் கணக்கு கேட்பதை விட்டுவிட்டு, சுவரில் ஒரு நீளத் தாள் ஒட்டினோம்: வண்டு வந்தது 1981, பன்றிக் காய்ச்சல் 1999, சுனாமி 2004, நடமாட்டக் கட்டுப்பாடு 2020 மார்ச். நடுநடுவே தோட்டத்துக்குக் கரண்டு வந்தது, பெரிய வெள்ளம், பழைய துரை மாறிப் போனது என்று அவர்களே சொல்லிச் சேர்த்தார்கள். ‘பன்றிக் காய்ச்சலப்ப நீங்க பம்பு தூக்கினீங்களா?’ என்று கேட்டால் பதில் உடனே வந்தது. நினைவு நடப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும் என்பது மானுடவியல்காரர்களுக்குத் தெரிந்த பழைய உத்திதான். மருத்துவத் துறையில் இருப்பவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மற்ற சில்லறைப் பாடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை பெரட்டு நேரத்தில் பேட்டி எடுக்கப் போகாதீர்கள், யாருக்கும் பொறுமை இருக்காது. வேலை முடிந்த உடனேயும் வேண்டாம், குளித்துச் சமைத்துக் கொஞ்சம் படுத்து எழுந்த பிறகு, சாயங்காலம் நாலரைக்கு மேல் போனால் பாயைப் போட்டு உட்கார வைப்பார்கள். மண்டோர் பக்கத்தில் நின்றால் எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது என்றுதான் பதில் வரும். கையெழுத்து வாங்கும் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை: குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய குடும்பங்களுக்கு, தெரியாத தாளில் கைநாட்டு வைப்பதென்றால் அடிவயிறு கலங்கும். நாங்கள் நெறிமுறைக் குழுவிடம் பேசி, படிவத்தைச் சத்தமாகப் படித்து, சாட்சி ஒருவர் முன்னால் வாயால் சம்மதம் சொன்னால் போதும் என்று மாற்றிக்கொண்டோம். அடையாள அட்டை எண்ணைக் கேட்பதையும் விட்டோம். அது எங்களுக்குத் தேவையே இல்லை, பழைய படிவத்தில் இருந்ததால் இருந்தது.

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதை முதல் மாதமே எழுதி வைத்துவிடுங்கள். மருத்துவத்தில் கடைசிப் பெயர் தலைவருடையது. சில துறைகளில் அகரவரிசை. மானுடவியலில் பெரும்பாலும் தனியாகத்தான் எழுதுவார்கள். ‘என்னைக் கடைசியில் போட்டுவிட்டார்கள்’ என்று ஒருவர் மூன்று வாரம் எங்களோடு பேசவில்லை. மருத்துவரோ அதை மரியாதை என்று நினைத்துச் செய்திருந்தார்.

கண்டுபிடித்ததைத் தோட்டத்துக்குத் திருப்பிச் சொல்வதிலும் முதலில் சறுக்கினோம். மண்டபத்தில் திரை கட்டி, படம் போட்டு, வண்ண வண்ணக் கட்டை வரைபடங்கள் காட்டினோம். கூட்டம் கடைசியில் கொடுக்கும் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸுக்காக உட்கார்ந்திருந்தது. அப்புறம் தமிழ் விரிவுரையாளர் மூன்று நிமிஷத்தில் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். குழாய் முனையை ஏன் தூக்கிக் கட்ட வேண்டும், கையுறைக்குள் மருந்து போனால் ஏன் உடனே கழற்ற வேண்டும், நகம் கறுத்தால் கிளினிக்கில் என்ன வேலை செய்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கேட்டார்கள். பக்கத்துத் தோட்டங்களுக்கும் அதுவே பரவியது. எங்கள் ஆய்விதழ்க் கட்டுரையை எத்தனை பேர் படித்தார்கள் என்று நான் பார்ப்பதில்லை.

ஒரு பெரிய ஓட்டை அப்படியே இருக்கிறது. இன்று அந்தத் தோட்டத்தில் நிறைய வேலை வங்காளதேசத் தம்பிகளும் இந்தோனேசியர்களும் செய்கிறார்கள். தமிழ் அக்காமார்கள் மிச்சமிருக்கும் சிலர்தான். எங்கள் நோட்டில் வங்காளச் சொல் ஒன்றுகூட இல்லை. எனக்குத் தெரிந்த சனங்களிடம் போவது சுலபமாக இருந்தது, போய்விட்டேன். குழாயடியில் அதே டிரம்மில் மருந்து கலந்துகொண்டிருந்த ஒரு தம்பி எங்கள் வேனைப் பார்த்துக் கையசைப்பான். நாங்களும் கையசைத்துவிட்டு வந்துவிடுவோம்.

இன்னொன்று. கட்டுரை வெளியான பிறகு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஐஸ்பெட்டி அக்காவிடம் போனேன். கலங்கல் தண்ணீரைப் பற்றிய பத்தியைத் தமிழில் சொன்னேன். “இதுல எம்பேரு எங்க?” என்றார். பங்கேற்பாளர் பெயரை வெளியிடக் கூடாது, அவர்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று விளக்கினேன். நன்றி சொல்லும் இடத்தில் ‘தோட்டத்துப் பெண்கள்’ என்று போட்டிருப்பதையும் காட்டினேன். அக்கா தாளைத் திருப்பிப் பார்த்தார்.

“எம்பேர மறைச்சது எனக்காகவா, உங்களுக்காகவா பாப்பா?”

இதற்கு அன்றும் பதில் சொல்லவில்லை. நெறிமுறைக் குழுவில் ஒரு தடவை எழுப்பினேன், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். விரும்புகிறவர் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று சம்மதப் படிவத்திலேயே ஒரு கட்டம் வைக்கலாம் என்பது என் எண்ணம். மருத்துவர் வேண்டாம் என்கிறார். பேர் தெரிந்தால் வேலை போகலாம் என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது.

போன வாரம் அக்கா போன் பண்ணினார். காட்டோரத் தொட்டியின் பைப்பு உடைந்துவிட்டதாம், இரண்டு நாளாக மறுபடி லயத்துக் குழாயில்தான் கலக்கிறார்களாம். மானியம் முடிந்துவிட்டது. பொறியியல்காரர் வேறு திட்டத்துக்குப் போய்விட்டார். அரை அங்குலமா, முக்கால் அங்குலமா என்று கேட்டேன். “அதெல்லாம் எனக்குத் தெரியாது, நீ வந்து பாரு” என்றார். சனிக்கிழமை போகிறேன். இரண்டு அளவிலும் ஒவ்வொன்று வாங்கி வைத்திருக்கிறேன்.